தண்ணீர் ஏன் குழம்புகிறது? கொந்தளிப்புப் பாய்ச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பாயிகள், அதாவது ஓடக்கூடிய திரவங்களும் வாயுக்களும் பற்றிய பாடம் வரும் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் மட்டும் கேட்பதில்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளையை ஏற்ற வரும் வயல்காரத் தகப்பன்மாரும், முல்லைத்தீவில் தொழில் செய்யும் உறவினர்களும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று நினைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

ரீச்சர், கொந்தளிப்பு எண்டா என்ன? தண்ணி வேகமா ஓடுறதா?

வேகம் ஒரு காரணம்தான். கொந்தளிப்பைக் கண்ணால் பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காற்று அசையாத அறையில் கொளுத்தி வையுங்கள். புகை முதலில் நூல் இழுத்தாற்போல நேராக ஏறும். ஒரு சாண் போனதும் இலேசாக நெளியும். அதற்கு மேலே மடிந்து, சுருண்டு, பிய்ந்து அறை முழுக்கக் கலைந்துவிடும். அதே புகை, அதே காற்று, ஆனால் கீழே ஒரு விதம், மேலே இன்னொரு விதம்.

கீழே இருப்பது அருவிக்கோட்டுப் பாய்ச்சல். அங்கே பாயி படை படையாக நகரும், ஒரு படை மற்றதன் வழிக்குப் போகாது. மேலே இருப்பது கொந்தளிப்புப் பாய்ச்சல். அங்கே ஒரு புள்ளியில் விரலை வைத்துப் பார்க்க முடிந்தால், வேகமும் திசையும் கணத்துக்குக் கணம் மாறுவதை உணர்வோம். பெரிய சுழிக்குள் சின்னச் சுழி, அதற்குள் இன்னும் சின்னது என்று பல அளவுகளில் சுழிகள் இருக்கும். எதைப் போட்டாலும் விரைவாகக் கலந்துவிடும்.

பைப்பைக் கொஞ்சமாத் திறந்தா தண்ணி கண்ணாடி மாதிரி வருது, நல்லாத் திறந்தா ஏன் கரடுமுரடா வருது?

கொஞ்சமாகத் திறக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் படை படையாக வருகிறது. வெளியே வந்த பிறகும் மேற்பரப்பு மழுமழுவென்று இருப்பதால் ஒளி நேராக ஊடுருவுகிறது. வேகம் கூடும்போது உள்ளேயே சுழிகள் பிறந்து, மேற்பரப்பைக் குத்திக் கிளறுகின்றன. அதனால் ஒளி சிதறுகிறது.

வீட்டில் அளந்து பார்க்கலாம். அரை அங்குலக் குழாயில் ஒரு லீற்றர் போத்தல் நிறைய ஒரு நிமிடம் எடுத்தால், எங்கள் ஊர்ச் சூட்டில் அந்தப் பாய்ச்சல் கிட்டத்தட்ட எல்லைக்கோட்டில் நிற்கிறது. அரை நிமிடத்தில் நிறைந்தால் குழாய்க்குள் கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். வாயில் வலை பூட்டிய குழாயில் இதைப் பார்க்காதீர்கள். அந்த வெள்ளை நிறம் வலை கலந்துவிடும் காற்றுக் குமிழ்களால் வருவது.

ரெனோல்ட்ஸ் எண் சூத்திரம் பாடம், ஆனா அது என்ன சொல்லுதெண்டு விளங்கேல்லை.

ஒரு கயிறிழுப்புப் போட்டியாக நினையுங்கள். ஒரு பக்கம் ஓடும் தண்ணீரின் உந்தம் நிற்கிறது. ஒரு சின்ன நெளிவு வந்தால் அதை இழுத்துப் பெரிதாக்கப் பார்க்கும். மறுபக்கம் பாகுநிலை, அதாவது படைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடிக்கும் தன்மை. அது நெளிவை அமர்த்தப் பார்க்கும். ரெனோல்ட்ஸ் எண் என்பது இந்த இரண்டு பக்கப் பலத்தின் விகிதம். வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, அடர்த்தியால் பெருக்கி, பாகுநிலையால் வகுத்தால் வரும். அதற்கு அலகு கிடையாது.

1883இல் மன்செஸ்ரரில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவிலே சாய நூல் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது நூல் அறுந்துபோகாமல் வந்தது. ஒரு வேகத்துக்கு மேல் சட்டென்று கலைந்து குழாயை நிறைத்தது. வட்டக் குழாயில் இந்த எண் ஏறக்குறைய 2,000க்குக் கீழே இருந்தால் கொந்தளிப்பு நிலைக்காது. முந்திய பதிலில் சொன்ன அரை அங்குலக் குழாய்க்குக் கணக்குப் போட்டால் 2,100 அளவில் வரும். தேன் மெதுவாக ஊற்றும்போது நூலாக இறங்குவதும் இதனால்தான். பாகுநிலை பெரியதாக இருப்பதால் அதன் எண் ஒன்றைக்கூடத் தாண்டாது.

தண்ணி சூடானா கூடக் குழம்புமா?

ஆம். 20 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 30 பாகையில் தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் ரெனோல்ட்ஸ் எண் கூடிவிடும். காற்று இதற்கு எதிர்மாறு, சூடாக ஆகப் பாகுநிலை கூடும். பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிற பிள்ளைகள் நிறைய.

இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணி அமைதியாத்தானே போகுது? அதையும் கொந்தளிப்பு எண்டுறீங்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெல்லுக்குத் தண்ணீர் திறந்த பிறகு, துருசுக்கு (குளத்து மதகுக்கு) கொஞ்சம் கீழே வாய்க்கால் கரையில் குந்தியிருந்து ஒரு வைக்கோல் துண்டைப் போடுங்கள். அது நேராகப் போகாது. ஒரு பக்கம் சரியும், அரை வட்டம் சுற்றும், கொஞ்சம் நிற்கும், பிறகு இழுபட்டுப் போகும். அடியிலிருந்து சேறு கலந்த தண்ணீர் பூப்போல மேலே வந்து விரிந்து மறையும். அரை மீற்றர் ஆழத்தில், செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடும் வாய்க்காலுக்கு ரெனோல்ட்ஸ் எண் மூன்று இலட்சத்தைத் தாண்டும். திறந்த வாய்க்காலுக்குக் குழாயின் எல்லை எண் அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் எந்த எல்லையை வைத்துப் பார்த்தாலும் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இது.

கொந்தளிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். 5,000 மீற்றருக்கு ஒரு மீற்றர் சாய்வுள்ள அகன்ற வாய்க்கால், அரை மீற்றர் ஆழம். தண்ணீர் படை படையாகவே ஓடினால், போதிய தூரம் போனபின் அதன் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 300 மீற்றர் ஆகிவிடும். காற்றில் ஒலி போகும் வேகத்தை அண்டிய கணக்கு அது. உண்மையில் அந்த வாய்க்காலில் செக்கனுக்கு அரை மீற்றர்கூட வராது. மேலே வேகமாகப் போகும் தண்ணீரையும் அடியில் மண்ணோடு ஒட்டித் தயங்கும் தண்ணீரையும் சுழிகள் ஓயாமல் கலந்துவிடுகின்றன. அதனால்தான் முழு வாய்க்காலுக்கும் தடை கிடைக்கிறது. கொந்தளிப்பு இருப்பதால்தான் வாய்க்கால் வயல்வரைக்கும் சாந்தமாகப் போகிறது. இந்தக் கணக்கை வகுப்பில் போடும் நாளில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அப்ப வன்னியில படை படையா ஓடுற தண்ணி எங்கதான் இருக்கு?

காலடியில். குளக்கட்டுக்கு அடியால் மண்ணுக்குள் கசியும் தண்ணீர், கிணற்றுக்கு ஊறி வரும் தண்ணீர் எல்லாம் அருவிக்கோட்டுப் பாய்ச்சல்தான். மணலுக்கிடையில் உள்ள துவாரம் மில்லிமீற்றரிலும் சிறியது, நகர்வு மிக மெதுவானது. ரெனோல்ட்ஸ் எண் ஒன்றுக்குக் கீழே நின்றுவிடும். அதனால் கசிவு அமுக்க வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். பிரான்சின் டிஜோன் நகரத்துத் தண்ணீர் விநியோகத்துக்காக ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதி இதுவே.

குளக்கட்டைப் பார்க்கும் உத்தியோகத்தர்கள் கசிவு கலங்கலாக வருகிறதா என்று கவனிப்பது இதனால்தான். தெளிந்த கசிவு மண்ணை அள்ளிக்கொண்டு வருவதில்லை. கலங்கி வந்தால் உள்ளே ஒரு வழி திறந்து, அதில் தண்ணீர் வேகம் பிடித்துவிட்டது என்று பொருள். அது அவசரம்.

றேடியோவில "கடல் கொந்தளிப்பாகக் காணப்படும்" எண்டு சொல்லினம். அதுவும் இதுவும் ஒண்டா?

முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் அண்ணை ஒருவர் கேட்டது. சொல் ஒன்று, பொருள் பாதிதான் ஒன்று. வானிலை அறிவிப்பில் சொல்வது அலை உயரத்தையும் காற்றின் கடுமையையும். கரைக்கு வெகு தூரத்தில் எழும்பித் தாழும் உடையாத அலையில் கொந்தளிப்புப் பாய்ச்சல் மிகக் குறைவு. வலையின் மிதவையைப் பாருங்கள். அலை கடந்து போகும், மிதவையோ முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், மேலே, கீழே என்று சுற்றிக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும். தண்ணீர் ஒழுங்காக வட்டம் போடுகிறது.

அலை உடைந்து வெள்ளை நுரை தள்ளும் கணத்தில்தான் பௌதிகவியல் சொல்லும் கொந்தளிப்பு தொடங்குகிறது. ஒழுங்கான வட்டம் குலைந்து ஆயிரம் சுழிகளாகிறது. அந்த அண்ணை அதைக் கேட்டுவிட்டு, "அதுதான் நுரை விழுந்த இடத்தில படகு சொல்வழி கேளாது" என்றார். இதைவிட நன்றாக என்னாலும் சொல்ல முடியாது.

வாய்க்காலுக்குள்ள தடியைப் பிடிச்சா கை நடுங்குது. ஏன்?

தடிக்குப் பின்னால் ஒரு முறை வலப்பக்கத்திலிருந்தும் மறுமுறை இடப்பக்கத்திலிருந்தும் சுழிகள் கழன்று போகின்றன. கழலும் ஒவ்வொரு சுழியும் தடியைப் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுக்கும். வேகத்தைத் தடியின் தடிப்பால் வகுத்து, 0.2ஆல் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை என்று ஏறக்குறைய வந்துவிடும். செக்கனுக்கு அரை மீற்றர் ஓடும் தண்ணீரில் இரண்டு சென்ரிமீற்றர் தடி என்றால் ஐந்து. கையில் எண்ணிப் பார்க்கலாம்.

சோளகக் காற்றில் மின்கம்பி இரைவதும் இதே சங்கதிதான். கம்பி மெல்லியது, காற்று வேகமானது, அதனால் எண்ணிக்கை செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் போய்க் காதுக்குக் கேட்கும் ஒலியாகிறது. இப்படி மாறி மாறி வரும் சுழி வரிசைக்குத் தியோடர் வொன் கார்மனின் பெயரை வைத்திருக்கிறார்கள். கொந்தளிப்புக்குப் போகும் வழியில் உள்ள ஒரு படி இது, முழுக் கொந்தளிப்பு இன்னும் வரவில்லை.

பிள்ளை, என்ரை மிசின் நல்ல மிசின். பைப்பை நீட்டினாத் தண்ணி வாறது குறையுது. ஆரிலை பிழை?

இறைக்கும் மிசினில் பிழை இல்லை ஐயா, குழாயின் விட்டத்தில்தான். இரண்டு அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 300 லீற்றர் இறைத்தால் ரெனோல்ட்ஸ் எண் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். படை படையாக ஓடினால் தண்ணீரை இரட்டிப்பாக்க இரட்டிப்பு அமுக்கம் போதும். கொந்தளிப்பில் அப்படி இல்லை, கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேண்டும். கூடுதல் பலமெல்லாம் சுழிகளைச் சுற்றவைப்பதிலேயே போய்விடுகிறது.

மேலே சொன்ன குழாயை 100 மீற்றர் நீட்டினால், தண்ணீரை ஏறக்குறைய 13 மீற்றர் உயரத்துக்குத் தூக்கக்கூடிய பலம் உராய்வுக்கே போகும். அதே தண்ணீரை மூன்று அங்குலக் குழாயில் விட்டால் அந்த இழப்பு இரண்டு மீற்றருக்கும் கீழே வந்துவிடும். விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் விளையாட்டு இருக்கிறது. ஒன்றரை மடங்கு பெரிய குழாய் என்றால் இழப்பு ஏழில் ஒன்றுக்கும் குறைவு. மண்ணெண்ணெய் விற்கும் விலைக்கு இது சின்னக் காசில்லை. பெரிய குழாய்க்குக் கொடுக்கும் பணம் திரும்பி வரும். மிசினை மாற்ற முன்னம் குழாயை மாற்றிப் பாருங்கள்.

வான் பாயேக்க அவ்வளவு பலமா விழுற தண்ணி, கொஞ்சத் தூரம் போனாச் சாந்தமாப் போகுது. அந்தப் பலம் எங்க போச்சு?

வான் என்பது குளம் நிரம்பினால் மிகைத் தண்ணீர் வழிந்து விழும் இடம். அந்தப் பலம் சூடாகிப் போனது. ஆனால் நேரே சூடாகவில்லை, கைமாறிக் கைமாறிப் போனது. விழும் தண்ணீர் முதலில் ஆளுயரச் சுழிகளை உண்டாக்கும். அந்தச் சுழிகளால் அப்படியே இருக்க முடியாது. உடைந்து சின்னச் சுழிகளைப் பெறும், அவை இன்னும் சின்னதைப் பெறும். தாத்தா, தகப்பன், பிள்ளை என்று காணி கைமாறுவது போலச் சக்தி கீழே கீழே போகும். மில்லிமீற்றரை அண்டிய அளவுக்கு வந்ததும் பாகுநிலை சுழியைப் பிடித்து நிறுத்திச் சூடாக்கிவிடும். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இந்தப் படத்தை 1922இல் வரைந்து காட்டினார். 1941இல் ரஷ்யக் கணிதர் கொல்மோகோரோவ் அதை எண்ணாக்கினார். நடுவில் உள்ள அளவுகளில் சக்தி எப்படிப் பங்கு போடப்படுகிறது என்பது ஆற்றுக்கும் காற்றுக்கும் கடலுக்கும் ஒரே விதிதான் என்று காட்டினார். ஒவ்வொரு சுழியும் மனம்போன போக்கில் போவதாகத் தோன்றும், கூட்டிப் பார்த்தால் அதற்குள் இவ்வளவு ஒழுங்கு. என்னை இந்தப் பாடத்தில் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

சூடு என்றால் கைக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது. பத்து மீற்றர் விழுந்த தண்ணீரின் பலம் முழுவதும் சூடானாலும் 0.02 பாகை அளவுதான் ஏறும். ஆனால் அந்தப் பலத்தை அங்கேயே அழிக்காவிட்டால் அது ஆற்றங்கரையை அரித்துக்கொண்டு போகும். அதனால்தான் வானுக்குக் கீழே கொங்கிறீற்றில் தளமும் தடைக்கட்டைகளும் போடுகிறார்கள். வேகமாக வரும் மெல்லிய தண்ணீர் அந்தத் தளத்தில் சட்டென்று தடித்து எழும்பி நுரைத்துச் சுருளும். கொந்தளிப்பை வேண்டுமென்றே ஓரிடத்தில் பிறக்க வைத்து, அங்கேயே செலவழிக்கும் ஏற்பாடு அது.

நல்லா நீந்தத் தெரிஞ்சவனும் வானடியில தாழுறானே, ஏன்?

தயவுசெய்து இந்தப் பதிலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். முந்திய பதிலில் சொன்ன அந்தச் சுருளில் மேற்பரப்புத் தண்ணீர் முன்னே போகாது. பின்னே, விழும் தண்ணீரை நோக்கித் திரும்பி வரும். அதில் அகப்பட்டவரை அது வானடிக்கே இழுத்துக் கொண்டுபோய், விழும் தண்ணீர் அடியில் அமுக்கி, கொஞ்சத் தூரத்தில் மேலே விட்டு, மறுபடியும் இழுக்கும். வெளியே நிற்பவருக்கு அது வெறும் நுரையாகத்தான் தெரியும்.

இரண்டாவது சங்கதி நுரை. நுரைத்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு காற்று என்றால், அது உடம்பைத் தாங்கும் பலமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கை வீசினாலும் தள்ளுவதற்குக் கனமான தண்ணீர் அகப்படாது. நீச்சல் பழகியதெல்லாம் கனமான தண்ணீரில். அதனால் பழக்கம் உதவிக்கு வராது. 2018 டிசம்பர் வெள்ளத்தைப் போலக் கதவுகளைத் திறந்துவிட்ட நாளில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். முழங்கால் உயரத் தடுப்பால் வழியும் தண்ணீரிலும் இதே சுருள் உண்டு. வான் பாய்வதைக் கட்டிலே நின்று பாருங்கள். இறங்காதீர்கள். ஒருவர் அகப்பட்டால் பின்னால் குதிக்காமல் கயிறோ நீண்ட தடியோ எறியுங்கள்.

கொந்தளிப்பால நன்மையே இல்லையா?

கொந்தளிப்பு இல்லாவிட்டால் தேத்தண்ணிக்குப் போட்ட சீனி அடியிலேயே கிடக்கும். தண்ணீர் துளியும் அசையாமல், சீனி மூலக்கூறுகள் தாமாகவே நகர்ந்து ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரவ ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினால் சுழிகள் அந்த வேலையைச் சில செக்கனில் முடித்துவிடும். குளத்து மீனுக்கு ஒட்சிசன் இறங்குவதும், அடுப்பில் வாயுவும் காற்றும் கலந்து எரிவதும் இந்தக் கலக்கலால்தான்.

வெள்ளத்தில் கனகராயன் ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடுவதும் அதனால்தான். வண்டல் தண்ணீரைவிடப் பாரம், தானாக மிதக்காது. மேல்நோக்கி எழும் சுழிகள் அதைத் தூக்கி வைத்திருக்கின்றன. ஓட்டம் அடங்கும் இடத்தில் கொட்டிவிடும். குளத்துக்குள் ஆறு வந்து சேரும் பக்கம் மண் நிரவிப்போவது அப்படித்தான்.

கிரிக்கெட் பந்து ஏன் ஒரு பக்கமா வளையுது? தையலாலயா?

தையலால்தான், கொந்தளிப்பின் வழியாக. பந்தோடு ஒட்டிப் போகும் மெல்லிய காற்றுப் படை ஒன்று இருக்கிறது. எல்லைப்படை என்ற இந்தக் கருத்தை 1904இல் லுட்விக் பிரான்ட்ல் முன்வைத்தார். தையல் சரித்து விடப்பட்ட பக்கத்தில் அந்தப் படை தையலில் தடுக்கிக் கொந்தளிப்பாகிறது. கொந்தளித்த படைக்கு வெளியேயிருந்து புதுச் சக்தி கலந்துகொண்டே இருப்பதால் அது பந்தை விட்டு இலேசில் பிரியாது, பின்பக்கம் வரை ஒட்டிப் போகும். மழுமழுப்பான பக்கத்தில் படை முன்னதாகவே பிரிந்துவிடும். இரண்டு பக்கமும் அமுக்கம் வேறுபடுவதால் பந்து தையல் காட்டும் பக்கம் வளையும். அதனால்தான் ஒரு பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள்.

வேகம் மிகவும் கூடினாலோ, பந்து பழசாகித் தேய்ந்தாலோ கதை மாறும். மழுமழுப்பான பக்கமும் தானாகவே கொந்தளிக்கத் தொடங்கும். தையல் பக்கத்துப் படை தடித்து முன்னதாகப் பிரியும், பந்து எதிர்ப்பக்கம் வளையும். கோல்ஃப் பந்தில் குழிகள் வைப்பதற்கும் இதே காரணம். குழியுள்ள பந்து மழுமழுப்பான பந்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு தூரம் போகும்.

பிறசர் பார்க்கேக்க டொக்டர் குழாயைக் காதில வைச்சு என்ன கேக்கிறார்?

கொந்தளிப்பின் ஒலியை. சாதாரணமாக நாடிகளில் இரத்தம் சத்தமில்லாமல் படை படையாக ஓடுகிறது. பட்டியால் நாடியை நெரித்துப் பின் மெல்ல விடும்போது, ஒடுங்கிய வழியால் இரத்தம் பீறிட்டுக் கொந்தளிக்கும். அந்தத் தட்டொலி தொடங்கும் அமுக்கம் மேல் எண், நிற்கும் அமுக்கம் கீழ் எண். 1905இல் நிக்கொலாய் கொரொட்கொவ் என்ற ரஷ்ய வைத்தியர் சொன்ன முறை இது.

கனடா போகேக்க பிளேன் குலுங்கினது, முகில் ஒண்டும் இல்லை. காத்தில குழி இருக்கா?

குழி இல்லை. உயரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வெவ்வேறு வேகத்தில் ஓடும் காற்றுப் படைகளின் இடையில் சுழிகள் பிறக்கின்றன. ஊதுபத்திப் புகையில் பார்த்த அதே குலைவு, கிலோமீற்றர் கணக்கில். நீராவியும் முகிலும் இல்லாததால் கண்ணுக்கும் ராடாருக்கும் அகப்படுவதில்லை. இறக்கை உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அதைவிடப் பெரிய விசைகளைத் தாங்கத்தான் அதைச் செய்கிறார்கள். பட்டி போடாமல் இருப்பவர்தான் அடிபடுவார். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன விமானம் ஒன்று மியன்மார் மேலே கடுமையாகக் குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். இருக்கையில் இருக்கும் நேரமெல்லாம் பட்டி போட்டிருங்கள்.

2,000ஐத் தாண்டின உடன குழம்புமா? புத்தகத்துக்குப் புத்தகம் வேற எண் கிடக்கு.

கத்தி வெட்டினாற்போல ஒரு எல்லை இல்லை. ரெனோல்ட்ஸே தண்ணீரை அசையாமல் வைத்து மிகக் கவனமாகச் செய்தபோது 12,000 அளவுவரை சாய நூல் அறவில்லை. பின்னால் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகச் செய்து ஒரு இலட்சம்வரை கொண்டுபோனார்கள். நேரான வட்டக் குழாயில் மிகமிகச் சின்ன அசைவு தானாக வளராது. போதிய அளவான ஒரு தட்டு வேண்டும், எண் கூடக் கூட அந்தத் தட்டு சின்னதாக இருந்தாலே போதும்.

வகுப்பில் மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான குழாயை வாளியில் பூட்டி, ஊசியால் மையை விட்டுப் பார்ப்போம். 2,000ஐத் தாண்டும் இடத்தில் ஒரு அழகான காட்சி வரும். மை நூல் நேராக வந்துகொண்டிருக்கும்போது கலங்கிய துண்டு ஒன்று வந்து கடந்து போகும், பின்னால் மறுபடியும் நேரான நூல். இந்தத் துண்டுகள் சில தாமாகச் செத்துப்போகும், சில இரண்டாகப் பிரியும். பிரிவது சாவதை மிஞ்சும் எண் 2,040 அளவு என்று 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பரீட்சையில் உங்கள் வினாத்தாள் தரும் எண்ணையே பாவியுங்கள்.

ஒரே அளவு துருசைத் திறந்தா ரெண்டு நாளும் ஒரே மாதிரித்தானே ஓட வேணும்?

சராசரி ஒன்றாக இருக்கும், சுழிகள் ஒன்றாக இரா. தொடக்கத்தில் ஒரு இலை கிடந்தது, காற்று இலேசாக வீசியது என்ற அளவு வித்தியாசமே வளர்ந்து வளர்ந்து, கொஞ்ச நேரத்தில் முற்றிலும் வேறு கோலமாகிவிடும். 1963இல் எட்வர்ட் லோரன்ஸ் வளிமண்டலத்தின் எளிய சமன்பாடுகளில் இதைக் காட்டினார். நாளை மழையைச் சொல்ல முடிகிறது, அடுத்த மாதம் இன்ன நாள் மழை என்று சொல்ல முடியாது. அதற்கு இதுவே காரணம்.

இதை இன்னும் ஒருத்தரும் தீர்க்கேல்லையாம். மெய்யா?

மெய். சமன்பாடு கையில் இருக்கிறது. 1822இல் நவியேயும் 1845இல் ஸ்டோக்சும் எழுதியது, நியூட்டனின் விதியைப் பாயிக்குப் பொருத்தியது. மூன்று பரிமாணத்தில் அந்தச் சமன்பாட்டுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு இருக்குமா, எங்காவது வேகம் முடிவிலியாக எகிறுமா என்பதை இன்னும் நிறுவவில்லை. 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் அதற்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது.

கணினியில் போட்டால் என்ன என்று கேட்பார்கள். மிகச் சின்னச் சுழிவரை பிடித்துக் கணிக்க, புள்ளிகளின் எண்ணிக்கை ரெனோல்ட்ஸ் எண்ணின் இரண்டேகாலாம் அடுக்கில் ஏறும். நாங்கள் வைக்கோல் போட்டுப் பார்த்த அந்த வாய்க்காலுக்கே ஏறக்குறைய இரண்டு இலட்சம் கோடி புள்ளிகள் வேண்டும். அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போகிற எங்கள் பிள்ளைகளில் யாராவது இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

தீர்க்கேலாத கணக்கெண்டா, குளமும் வாய்க்காலும் எப்பிடிக் கட்டினவை?

சராசரியை அளந்து கட்டினார்கள். ஒவ்வொரு சுழியும் எங்கே போகும் என்று வாய்க்கால் வெட்டுகிறவருக்குத் தேவையில்லை. மொத்தமாக எவ்வளவு தண்ணீர் போகும் என்பதுதான் தேவை. அயர்லாந்துப் பொறியியலாளர் றொபேட் மனிங் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தந்த சூத்திரம் இன்றும் பாவனையில் இருக்கிறது. வாய்க்காலின் அகலம், ஆழம், சாய்வு, கரையின் சொரசொரப்பு நான்கும் போதும். சொரசொரப்புக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். கொங்கிறீற்றுக்கு 0.015 அளவு, துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.025 அளவு, புல்லும் பாசியும் மண்டினால் 0.035ஐயும் தாண்டும். சுழிகள் செய்யும் அத்தனை வேலையையும் அந்த ஒரு எண்ணுக்குள் அடக்கிவிட்டார்கள்.

வேகம் அந்த எண்ணுக்கு நேர்மாறு. ஆகவே புல் மண்டிய வாய்க்காலைச் செருக்கி 0.035ஐ 0.025க்குக் கொண்டுவந்தால், அதே ஆழத்தில் 40 சதவீதம் கூடத் தண்ணீர் போகும். கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று சண்டை பிடிக்கும் சிறுபோகத்தில், துருசை இன்னும் திறக்கச் சொல்லிக் கேட்க முன்னம் எல்லோருமாக மண்வெட்டியோடு ஒரு நாள் வாய்க்காலில் இறங்குங்கள்.